அலுவலக நேரத்து லோக்கல் வண்டியின் போக்கை முன்கூட்டியே அறிவது எப்படி? சூலூர்பேட்டை – சென்னைத் தடப் பயணிகளுக்கு

கும்மிடிப்பூண்டி நிலையத்துக்குள் நுழையும்போது சக்கரங்கள் பாயிண்டுகளின் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் நகரும் தண்டவாளத் துண்டுகள்) மேல் தடதடத்து, பெட்டி ஒரு பக்கமாக ஆடி, வேகம் தளர்ந்துவிட்டால், பழைய பயணிகள் யாரும் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதில்லை. "லூப்புல போட்டுட்டான், ரெண்டு வண்டி உடுவான்" என்று ஒருவர் சொல்வார். மெயின் லைன் என்னும் நேர்ப் பாதையை விட்டு ஒதுங்கி நிற்க நிலையத்தில் போட்ட பக்கப் பாதைதான் லூப் லைன். இன்னொருவர் செய்தித்தாளின் மடிப்பைப் பிரிப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாசலுக்குப் போய், முன்னால் பார்த்து, ஒன்றும் புரியாமல் திரும்புவார்கள். பழையவர்களுக்குத் தெரிந்ததில் மாயம் எதுவும் இல்லை. தண்டவாளமும் சிக்னலும் காட்டிக்கொடுக்கும் சில அடையாளங்களை அவர்கள் பழக்கத்தால் கற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். தடாவிலிருந்து சென்னைக்குப் பல ஆண்டுகளாகப் போய்வரும் ஒருவன் என்ற முறையில், அந்த அடையாளங்களையும் அவற்றைக் கண்டதும் என்ன முடிவு எடுக்கலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தடத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய 48 கிலோமீட்டர், சூலூர்பேட்டை ஏறக்குறைய 83 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம்; அடுத்த தடாவில் அறிவிப்பு தெலுங்கில் தொடங்கும். இதே தண்டவாளம்தான் கூடூர், நெல்லூர், விஜயவாடா வழியாக டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போகிறது. ஆகவே நம் லோக்கல் வண்டி ஓடுவது நமக்கென்று போட்ட பாதையில் அல்ல, நாட்டின் பெரிய தடங்களில் ஒன்றின் மீது. ஜி.டி. எக்ஸ்பிரஸ், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கோரமண்டல், ஹவுரா மெயில், பினாகினி, சார்மினார் என்று பெயர் பெற்ற வண்டிகள் எல்லாம் நம் ஊர் நடைமேடையை ஒட்டித்தான் பாய்கின்றன.

கொருக்குப்பேட்டையிலிருந்து அத்திப்பட்டு வரை நான்கு பாதைகள் உண்டு. அதற்கு வடக்கே போக ஒன்று, வர ஒன்று என இரண்டே பாதைகள். கும்மிடிப்பூண்டி வரை மேலும் இரண்டு பாதைகள் போடுவது நீண்ட நாள் திட்டம். அது முடிந்து வண்டி ஓடும்வரை, அத்திப்பட்டுக்கு வடக்கே உள்ள நெரிசல்தான் நம் தாமதத்தின் பிறப்பிடம் என்று கொள்ளலாம். வேறு பல புறநகர்த் தடங்களில் காலையில் கூட்டம் முழுவதும் நகரத்தை நோக்கியும், மாலையில் நகரத்திலிருந்தும் போகும். நம் தடத்தில் அப்படி இல்லை. சென்னை அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் தெற்கே வரும் அதே நேரத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டிக்கும், சூலூர்பேட்டை வழியாக ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வடக்கே வருகிறார்கள். இரு திசையிலும் வண்டி ஒரே அளவில் தேவைப்படுவதால், ஒரு பாதையில் சிக்கல் வந்தால் மறு பாதையைச் சிறிது நேரம் கடன் வாங்குவது இங்கே எளிதல்ல.

ஏன் லூப்பில் போடுகிறார்கள்

இதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து அத்திப்பட்டு வரை ஏறக்குறைய 26 கிலோமீட்டர். நிலையத்துக்கு நிலையம் நின்று வரும் லோக்கல், மணிக்கு சராசரி 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்தால், அந்தத் தூரத்துக்கு 39 நிமிடம் ஆகும். நிற்காமல் வரும் எக்ஸ்பிரஸ் சராசரி 100 கிலோமீட்டர் போனால் 16 நிமிடம் போதும். இந்தத் தடத்தில் உச்ச வேகம் 130 வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வித்தியாசம் 23 நிமிடம். அதாவது, லோக்கல் கும்மிடிப்பூண்டியை விட்டுப் புறப்பட்ட 20 நிமிடத்துக்குள் ஓர் எக்ஸ்பிரஸ் பின்னால் வந்தால், அத்திப்பட்டுக்கு முன்பே அது லோக்கலின் முதுகைத் தொட்டுவிடும். அதன் பிறகு எக்ஸ்பிரஸும் லோக்கலின் வேகத்திலேயே ஊர வேண்டும். அதற்குப் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் அதன் பின்னே ஊர வேண்டும். ஆகவே கோட்டக் கட்டுப்பாட்டு அறையில் இந்தப் பகுதியைக் கவனிக்கும் கன்ட்ரோலர், லோக்கலை லூப் லைனில் ஒதுக்கி, எக்ஸ்பிரஸை மெயின் லைனில் அனுப்பிவிட்டு, பிறகு நம்மை விடுகிறார். அவர் முன்னால் இருப்பது நேரத்தையும் தூரத்தையும் இரு அச்சுகளாகக் கொண்ட ஒரு வரைபடம். முன்பு பென்சிலால் கோடு இழுத்தார்கள், இப்போது கணினித் திரையில் கோடு ஓடுகிறது. சாய்வான கோடு நம் வண்டி, செங்குத்தாக ஏறும் கோடு எக்ஸ்பிரஸ். இரண்டும் எந்த இடத்தில் வெட்டிக்கொள்கின்றனவோ, அந்த இடத்துக்கு முந்தைய லூப் லைனில்தான் நாம் உட்கார வேண்டும்.

அலுவலக நேரத்தில் புறநகர் வண்டிக்கு முன்னுரிமை தருவதே ரயில்வேயில் வழக்கம். பிறகு ஏன் நம்மை நிறுத்துகிறார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். என் கணிப்பில், எல்லா வண்டியும் நேரத்துக்கு ஓடும் நாளில் அந்த முன்னுரிமை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. அதிகாலையிலேயே சென்ட்ரல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய வடநாட்டு வண்டி ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகி எட்டு மணிக்கு வரும் நாளில்தான் கணக்கு கலைகிறது. அந்த வண்டியை இரண்டு லோக்கலுக்கு நடுவே செருகியாக வேண்டும். ஆகையால் நம் காலைப் பொழுதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முந்தின இரவில் வாரங்கலிலோ ஓங்கோலிலோ நடந்த தாமதம்.

சரக்கு வண்டியின் கதை வேறு. எண்ணூர்க் காமராஜர் துறைமுகமும் வட சென்னை அனல் மின் நிலையமும் இருப்பதால் நிலக்கரி வண்டிகள் அத்திப்பட்டுப் பகுதியில் நுழைந்தும் வெளியேறியும் கொண்டிருக்கும். ஒரு முழுச் சரக்கு வண்டி 600 முதல் 700 மீட்டர் நீளம் இருக்கும். பாயிண்டைக் கடந்து லூப் லைனுக்குள் திரும்பும்போது வேகம் 30 கிலோமீட்டரோ, சில இடங்களில் 15 கிலோமீட்டரோதான். 700 மீட்டர் வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில் முழுதாக உள்ளே போக ஏறக்குறைய 3 நிமிடம் ஆகும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவதையும் பின்னர் பாயிண்டைத் திருப்பிப் பூட்டுவதையும் சேர்த்தால் ஐந்தாறு நிமிடம் மெயின் லைன் அடைபட்டுக் கிடக்கும். நம் வண்டி வயல் நடுவே காரணமில்லாமல் நிற்பதாகத் தோன்றும் வேளைகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

லூப் லைன், மெயின் லைன் என்ற சொற்களை இந்தத் தடத்தார் மறக்க முடியாது. 2024 அக்டோபர் 11 அன்று இரவு மெயின் லைனில் போக வேண்டிய மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டையில் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியின் பின்னால் மோதியது. அன்று வடதிசை வண்டிகளை அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகக் கூடூருக்குத் திருப்பிவிட்டார்கள். லோக்கலுக்கு அப்படி ஒரு மாற்று வழி கிடையாது என்பதை அடுத்த நாள் நெடுஞ்சாலையில் பேருந்துக்கு நின்ற கூட்டம் காட்டியது. பாயிண்ட் சரியாகப் பூட்டிய பிறகுதான் சிக்னல் தருவேன் என்று நிலைய அலுவலர் இரண்டு நிமிடம் தாமதித்தால், அந்த இரண்டு நிமிடத்தை நான் கணக்கில் வைப்பதில்லை.

சிக்னலைப் பார்த்து முடிவெடுக்கும் முறை

நடைமேடையில் நின்று வண்டி போகும் திசையைப் பாருங்கள். நடைமேடை முடியும் இடத்தில் ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியாக ஒரு சிக்னல் கம்பம் இருக்கும். இதற்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். நம் வண்டி லூப் லைனில் நிற்கிறது, நம் கம்பத்தில் சிவப்பு எரிகிறது, பக்கத்து மெயின் லைன் கம்பத்திலும் சிவப்பு எரிகிறது என்றால், எந்த வண்டிக்கும் இன்னும் வழி போடவில்லை. நமக்கும் அடுத்த நிமிடமே கிடைக்கலாம். மெயின் லைன் கம்பத்தில் பச்சை விழுந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், பின்னால் ஒரு வண்டி நிற்காமல் வருகிறது. அது கடந்து போனதும் அந்தக் கம்பம் சிவப்புக்கு மாறும். இப்போதுதான் கவனமாகப் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நிமிடத்தில் நம் கம்பத்தில் மஞ்சள் விழுந்தால் புறப்பாடு. அதற்குப் பதிலாக மெயின் லைன் கம்பமே மறுபடி பச்சையானால், இரண்டாவது வண்டியும் உண்டு. டீ குடித்துவிட்டு வரலாம்.

ஒரு முறை கும்மிடிப்பூண்டியில் இப்படி நின்றபோது, பழவேற்காட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், காலியான மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். முதல் எக்ஸ்பிரஸ் போனதும் நாங்கள் எல்லோரும் அவசரமாகப் பெட்டிக்குள் ஏறினோம். அவர் மட்டும் ஏறவில்லை. "ஏறுங்க பெரியவரே, எடுத்துடுவான்" என்று நான் சொன்னதற்கு, "பெரிய லைன்ல திரும்பவும் பச்சை போட்டிருக்கான் தம்பி, நீ இறங்கி காத்து வாங்கு" என்றார். நாலு நிமிடத்தில் இரண்டாவது வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அன்றுதான் நான் கம்பத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

நிலையத்துக்கு நிலையம் இடையே உள்ள சிக்னல்களில் நான்கு நிலைகள் உண்டு. சிவப்பு என்றால் நில். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னல் சிவப்பாக இருக்கலாம், நிற்க ஆயத்தமாகப் போ. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்தது மஞ்சளாக இருக்கலாம், வேகத்தைக் கட்டுப்படுத்து. பச்சை என்றால் தடையில்லை. தானியங்கி சிக்னல் உள்ள பகுதியில் இவை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும். முன்னால் உள்ள வண்டி நகர நகரத் தாமாகவே நிறம் மாறும். வளைவில் வண்டி திரும்பும்போது வாசலில் நிற்பவருக்கு இந்த நிறம் தெரியும். தொடர்ந்து மஞ்சளாகவே வந்துகொண்டிருந்தால், நமக்கு முன்னால் ஒரு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வண்டி ஊர்ந்துகொண்டிருக்கிறது. நம் மோட்டார்மேன் எவ்வளவு விரும்பினாலும் வேகம் எடுக்க முடியாது.

இன்னொரு அடையாளம் பலருக்குத் தெரியாது. வண்டி நிற்கிறது, சரியாக ஒரு நிமிடம் கழித்து ஹாரன் அடிக்கிறது, பிறகு சைக்கிள் வேகத்தில் நகர்கிறது. தானியங்கி சிக்னல் சிவப்பாகவே நின்றுவிட்டால், பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் நின்றுவிட்டு, எதிரே தடை இருந்தால் நிறுத்தக்கூடிய மெதுவான வேகத்தில் அடுத்த சிக்னல் வரை போகலாம் என்பது விதி. இப்படி ஒரே ஒரு முறை நடந்தால் கவலை இல்லை. அடுத்த சிக்னலிலும், அதற்கடுத்த சிக்னலிலும் இதே நிறுத்தமும் ஹாரனும் ஊர்தலும் தொடர்ந்தால், அந்தப் பகுதியில் சிக்னல் கோளாறு என்று கொள்ளலாம். அன்று அலுவலகத்துக்கு அரை மணி தாமதம் என்று அப்போதே சொல்லிவிடுவது மரியாதை. டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் இத்துடன் தண்டவாள விரிசலும் சேர்ந்துகொள்ளும். குளிரில் இரும்பு சுருங்கி, பற்றவைத்த இணைப்பு விட்டுப்போகும். தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேன் கண்டுபிடித்துத் தகவல் தந்ததும் அந்த இடத்தைத் தற்காலிகமாகப் பட்டி போட்டு இறுக்கி, வண்டிகளை நடை வேகத்தில் அனுப்புவார்கள்.

லெவல் கிராசிங் கேட்டையும் மறக்கக் கூடாது. சிக்னலோடு இணைக்கப்பட்ட கேட்டில், கேட் மூடிப் பூட்டாமல் சிக்னல் பச்சை ஆகாது. காலை எட்டரை மணிக்கு இருபுறமும் பள்ளி வேனும் பைக்கும் மோதிக்கொண்டு நுழைந்தால் கேட் கீப்பரால் தண்டை இறக்க முடியாது. அவர் இறக்காதவரை நாம் நகர முடியாது. பைக்கில் வரும்போது மூடும் கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைபவரும், ரயிலில் வரும்போது தாமதத்துக்குத் திட்டுபவரும் சில நாள் ஒரே ஆளாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

காலையில் பல் துலக்கும்போதே செய்யக்கூடிய ஒரு வேலை, கைபேசியில், வண்டிகள் இப்போது எங்கே வருகின்றன என்று காட்டும் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியைத் திறந்து, நம் லோக்கலைத் தேடாமல், அதற்குப் பின்னால் வரக்கூடிய எக்ஸ்பிரஸ்களைத் தேடுவது. அந்த வண்டி கூடூரைக் கடந்த நேரம் தெரிந்தால் போதும். கூடூரிலிருந்து சூலூர்பேட்டைக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அரை மணி முதல் முக்கால் மணிக்குள் அது நம்மைத் தாண்டும். நம் லோக்கல் புறப்படும் நேரத்தோடு அதை ஒப்பிட்டால், எந்த நிலையத்தில் ஒதுக்கப்படுவோம் என்பதை ஒரு நிலையம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். செயலி இல்லாதவர்கள் 139 எண்ணை அழைக்கலாம்.

வண்டி எண்ணையும் பழகிக்கொள்ளுங்கள். ஐந்து இலக்க எண்ணின் முதல் இலக்கம் 4 என்றால் சென்னைப் புறநகர் மின்சார வண்டி, 6 என்றால் மெமு (புறநகருக்கு அப்பாலும் ஓடும் மின்சாரப் பயணிகள் வண்டி), 1 அல்லது 2 என்றால் தொலைதூர வண்டி. அறிவிப்பில் எண் மட்டும் காதில் விழுந்து ஊர்ப் பெயர் விழாத வேளைகளில் இது கைகொடுக்கும். தடாவில், "தயச்சேசி வினண்டி" என்று ஒலிபெருக்கி தொடங்கும்போது தெலுங்கு தெரியாதவர்கள் எண்ணைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்புக்காக லைன் பிளாக் எடுக்கும், அதாவது பாதையைச் சில மணி நேரம் மூடும் நாள்களில் சில லோக்கல்கள் ரத்தாகும், சில மீஞ்சூர், எண்ணூர் போன்ற நிலையங்களோடு நின்றுவிடும். தெற்கு ரயில்வே இதைப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் முன்பே அறிவித்துவிடுகிறது. செய்தித்தாளில் ஓரமாக வரும் அந்த நாலு வரியைப் படிப்பவர் வீட்டில் நிம்மதியாக இருப்பார். படிக்காதவர் கும்மிடிப்பூண்டியில் நிற்பார்.

டிக்கெட்டைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று மட்டும். நம் லோக்கல் தாமதமென்று, சூலூர்பேட்டையில் நின்ற ஏதோ ஓர் எக்ஸ்பிரஸில் லோக்கல் டிக்கெட்டோடு ஏறினால், கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். மிச்சப்படுத்திய இருபது நிமிடத்துக்கு அது மலிவான விலை அல்ல.

வண்டியே வராவிட்டால் எங்கே மாறுவது

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே வண்டிகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பெரும்பாலும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஆகையால் தடா, ஆரம்பாக்கம், எளாவூர்க்காரர்கள் வண்டி 20 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்று உறுதியாகத் தெரிந்த உடனே நெடுஞ்சாலைக்குப் போய், பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிடுவது நல்லது. அங்கிருந்து புறப்படும் லோக்கல்கள் அதிகம். ஆனால் தயங்கித் தயங்கி முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் பிறகு சாலைக்குப் போவதில் பயனில்லை; அதற்குள் ரயிலும் வந்துவிடும், நாம் பேருந்தில் மாட்டிக்கொண்டிருப்போம். முடிவை முதல் பத்து நிமிடத்தில் எடுக்க வேண்டும், இல்லையேல் எடுக்கவே கூடாது.

தெற்கே வந்த பிறகு சிக்கினால் விம்கோ நகர்தான் தப்பும் வழி. 2021 பிப்ரவரி முதல் மெட்ரோவின் நீலத் தடம் விம்கோ நகர் வரை ஓடுகிறது. அதில் வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர் நீதிமன்றம் வழியாக சென்ட்ரலுக்கும், மேலும் விமான நிலையத்துக்கும் போகலாம். பாரிமுனையில் வேலை பார்ப்பவர்கள், பேசின் பிரிட்ஜ் பகுதியில் கோளாறு என்ற செய்தி வந்ததும் விம்கோ நகரில் இறங்கிவிட்டால், கூடுதல் கட்டணத்துக்கு ஈடாக நேரம் கிடைக்கும். மழைக்காலத்தில் இதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேசின் பிரிட்ஜ் யார்டில் தண்ணீர் தேங்கினால் அதன் விளைவு எல்லாத் தடங்களுக்கும் பரவும்.

பேசின் பிரிட்ஜைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து நாமும் மேற்கே அரக்கோணத்திலிருந்து அவர்களும் வந்து சேரும் கழுத்துப் பகுதி அது. தொலைதூர வண்டிகளின் காலிப் பெட்டிகள் யார்டுக்கும் சென்ட்ரலுக்கும் போய்வருவதும் அங்கேதான். சென்ட்ரலை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையான பிறகு அந்த இடத்தில் கட்டிய வளாகத்தில் புறநகர் வண்டிகளுக்கு 5 நடைமேடைகள் இருக்கின்றன. ஒரு வண்டி உள்ளே வந்து, ஆள் இறங்கி, ஆள் ஏறி, வெளியே போக 15 நிமிடம் என்று வைத்தால், ஒரு நடைமேடை மணிக்கு 4 வண்டி, ஐந்து நடைமேடை மணிக்கு 20 வண்டி தாங்க வேண்டும். காகிதத்தில் இது தாராளம். நடைமுறையில், ஒரு வண்டி வெளியேறும்போது அது வெட்டிக் கடக்கும் பாதையில் இன்னொரு வண்டி உள்ளே வர முடியாது. ஆகவே நடைமேடை காலியாக இருந்தும் பேசின் பிரிட்ஜில் நம்மை நிறுத்தி வைக்கிறார்கள். அங்கே நிற்கும் ஐந்து நிமிடத்துக்குக் கால அட்டவணையிலேயே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். கடைசிப் பகுதிக்குக் கூடுதல் நேரம் வைப்பது பழைய வழக்கம். அதனால்தான் அங்கே நின்றும் சில நாள் சரியான நேரத்துக்கே போய்ச் சேர்கிறோம்.

மாலையில் திரும்பும்போது

சென்ட்ரலில் நாம் ஏறப்போகும் வண்டி எங்கிருந்தோ வந்துதான் திரும்ப வேண்டும். அந்த இணை வண்டி தாமதமானால் நம் வண்டியும் தாமதம். ஆகவே மாலையில் பலகையைப் பார்ப்பதை விட, வந்துகொண்டிருக்கும் வண்டியைப் பார்ப்பது பயன் தரும். 12 பெட்டி வண்டி ஏறக்குறைய 250 மீட்டர் நீளம். இந்த முனை எஞ்சின் அறையிலிருந்து அந்த முனைக்கு ஆள் மாற வேண்டும், அல்லது புதிய ஆள் அங்கே தயாராக இருக்க வேண்டும். வண்டி வந்து நின்ற உடனே மறு முனையில் ஒருவர் பையோடு ஏறுவதைக் கண்டால், சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்று நம்பலாம்.

அதே நடைமேடைகளிலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வண்டிகளும் போவதால், அவசரத்தில் மாறி ஏறுவது வாரத்துக்கு ஒருவருக்காவது நடக்கிறது. பேசின் பிரிட்ஜுக்கு அடுத்து கொருக்குப்பேட்டை வந்தால் சரியான வண்டி. வியாசர்பாடி ஜீவா வந்தால் தவறான வண்டி. அங்கேயே இறங்கி, எதிர் நடைமேடையில் பேசின் பிரிட்ஜுக்குத் திரும்புங்கள்.

எந்தப் பெட்டியில் ஏறுவது என்பதும் நேரக் கணக்குதான். மூர் மார்க்கெட் வளாகம் முட்டுச் சந்து போன்ற முனையம்; காலையில் வரும் வண்டியின் முன்பெட்டிதான் வாயிலுக்கு அருகே நிற்கும். கடைசிப் பெட்டியில் வந்தால் கூட்டத்தோடு 250 மீட்டர் நடக்க நாலைந்து நிமிடம் போகும். எல்லோருக்கும் இது தெரிந்திருப்பதால் முன்பெட்டிகளில் மூச்சு முட்டும். நான் முன்னாலிருந்து நான்காவது பெட்டியைத் தேர்ந்தெடுப்பேன்: நடையும் குறைவு, நெரிசலும் தாங்கக்கூடியது. உங்கள் நிலையத்தில் அந்தப் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்பதை ஒரு விளக்குக் கம்பத்தையோ தண்ணீர்க் குழாயையோ அடையாளம் வைத்து மனத்தில் பதிந்துகொள்ளுங்கள். 9 பெட்டி வண்டி வரும் நாளில் இடம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏறும் நேரத்தைக் குறைப்பது எல்லோருக்கும் லாபம். சூலூர்பேட்டைக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே 20 நிலையங்கள். ஒவ்வொன்றிலும் வாசலில் நடக்கும் தள்ளுமுள்ளால் அரை நிமிடம் கூடினால், மொத்தம் 10 நிமிடத் தாமதம் நம் கையாலேயே உண்டாகிறது.

கடைசியாக, நடைமேடை மாற்றம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில், இடைநிலையம் ஒன்றில், முதல் நடைமேடையில் வரும் என்று அறிவித்த வண்டியை வண்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகு மூன்றாம் நடைமேடைக்கு மாற்றினார்கள். ஐம்பது பேர் தண்டவாளத்தில் குதித்தார்கள். நானும் ஒரு காலைக் கீழே வைத்தேன். அதே நேரத்தில் மெயின் லைன் ஸ்டார்ட்டரில் பச்சை எரிந்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்டவாளத்தைக் கடப்பது ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ பெற்றுத்தரும் குற்றம். ஆனால் அந்தக் கணத்தில் யாருக்கும் சட்டம் நினைவுக்கு வராது; பச்சை விளக்கு நினைவுக்கு வரட்டும். நடைமேடை மாறினால் படிக்கட்டில் ஏறுங்கள். நீங்கள் மேலே இருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டால், அங்கிருந்தபடியே அடுத்த வண்டி எந்தப் பாதையில் வருகிறது என்று பாருங்கள். மேம்பாலத்திலிருந்து எல்லாக் கம்பங்களும் நன்றாகத் தெரியும்.